அயன் குளிசையும் அயன் வாசலும்

வாசகர் கடிதம்:

எங்கள் வீடு ஹட்டனுக்கு அப்பால், காசல்ரீ குளத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில். நான் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். தங்கச்சிக்கு 21 வயது, தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். ஐந்து மாதத்துக்கு முன் தலையிடி, லேசான காய்ச்சல் என்று தொடங்கியது. பிறகு இரவில் தூக்கமே இல்லை. கூரைத் தகரத்தின் மேல் யாரோ நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றாள். அப்பாவையே யார் என்று கேட்டாள். பேய் பிடித்திருக்கிறது என்று ஒன்பது நாள் கோடாங்கி வைத்துப் பார்த்தோம். அதன் பிறகு ஆஸ்பத்திரி. முதலில் மனநோய் வார்ட்டில் வைத்தார்கள். வலிப்பு வந்தது, வாய் தானாகக் கோணி அசைந்தது. வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றி, முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்து ‘என்.எம்.டி.ஏ.’ என்று ஒரு பெயர் சொன்னார்கள். ‘மூளையில் இருக்கும் அயன் சனலை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது, மூளை அழற்சி’ என்றார் டொக்டர். நோய் தொடங்கி 24ஆம் நாள் சரியான மருந்து ஏற்றினார்கள். சூலகத்தில் கட்டி இருந்தது, அதையும் எடுத்தார்கள். உள்ளே முடி இருந்ததாம். அதைக் கேட்டதில் இருந்து லயத்தில் எல்லோரும் செய்வினைதான் என்கிறார்கள்.

இப்போது வீட்டில் இருக்கிறாள். எந்நேரமும் தூக்கம், முன்பள்ளிப் பிள்ளைகளின் பெயர் மறந்து போகிறது, சட்டென்று எரிந்து விழுகிறாள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொயிட்டும், வலிப்புக்கு வல்புரோவேற்றும் குடிக்கிறாள். அயன் குறைவு என்று நினைத்து அம்மா, அக்கா பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது கிளினிக்கில் கொடுத்த அயன் குளிசையையும் சேர்த்துக் கொடுக்கிறார். ஒருநாள் வீட்டில் வலிப்பு வந்தபோது கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்க வைத்தோம். அந்த ஒன்பது நாளில் நாங்களே அவளைக் கெடுத்துவிட்டோமா? திரும்ப வருமா? கல்யாணம் கட்டலாமா? அயன் சனலும் மூளை அழற்சியும்தான் உங்கள் ஆராய்ச்சி என்று படித்தேன். அதில் இவளுக்கு மருந்து இருக்கிறதா?

(கடிதத்தின் அடியில், வேறு கையெழுத்தில்: ‘எனக்கு அந்த நாட்கள் ஒன்றும் ஞாபகம் இல்லை. எனக்கு என்ன நடந்தது?’)

பதில்:

அன்புள்ள தம்பி,

அம்மாவின் குளிசையில் இருந்தே தொடங்குகிறேன். அதில் அவர் மேல் பிழை இல்லை. ஆங்கிலத்தில் இரும்புக்கு ஒரு சொல், மின்னேற்றம் உள்ள அணுவுக்கு வேறு சொல். தமிழில் சொன்னால் இரண்டும் ‘அயன்’ என்றே காதில் விழுகிறது. அந்த மின்னேற்ற அணு நம் பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்திலும் ‘அயன்’ என்றுதான் அச்சாகியிருக்கிறது. கிளினிக்கில் கொடுத்த குளிசை இரும்பு. டொக்டர் சொன்ன அயன், உப்பைத் தண்ணீரில் போட்டதும் பிரிந்து நிற்கிறதே சோடியம், குளோரைட்டு, அந்த மாதிரியான துகள். தங்கச்சிக்கு இரும்புச்சத்துக் குறைவு என்று இரத்தப் பரிசோதனையில் வந்திருந்தால் ஒழிய அந்தக் குளிசையை நிறுத்திவிடுங்கள். அவளுக்கு அதில் வயிற்று உபாதைதான் மிச்சமாகும். முருங்கைக்கீரையை அம்மா தாராளமாகக் கொடுக்கட்டும்.

கவ்வாத்துக் கத்தியும் இரும்புதான். வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தோ கத்தியோ கொடுக்கும் பழக்கம் நம் தோட்டங்களில் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நானும் லயக் காம்பராவில் வளர்ந்தவள். ஆனால் சுயநினைவு இல்லாமல் வெட்டி இழுக்கும் கையில் கூரான கவ்வாத்துக் கத்தி இருந்தால் அது எங்கே பாயும் என்று நினைத்துப் பாருங்கள். இனிமேல் அப்படி வந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள், தலைக்கு அடியில் ஒரு துணியை மடித்து வையுங்கள், வாய்க்குள் எதையும் திணிக்காதீர்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒன்று ஓய்ந்து நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தாலோ, 1990க்கு அடித்து அம்பியூலன்ஸை வரச் சொல்லுங்கள்.

நான் மருந்து எழுதும் வைத்தியர் அல்ல. மூளைக் கலங்களில் உள்ள அயன் சனல்களை அளப்பது என் வேலை. அதனால் அளவைக் கூட்டுங்கள், குறையுங்கள் என்று என் வாயில் இருந்து வராது. ஆனால் தங்கச்சிக்கு நடந்ததை என்னால் விளக்க முடியும். விளக்கினால் உங்கள் பயத்தில் பாதியாவது இறங்கும் என்று நம்புகிறேன்.

அயன் சனல் என்றால் என்ன என்பதற்கான பாடம் உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. காசல்ரீயில் தண்ணீர் உயரத்தில் தேங்கி நிற்கிறது. நிற்கிற தண்ணீரில் மின்சாரம் இல்லை. மதகைத் திறந்து, சுரங்க வழியாக விமலசுரேந்திர மின்நிலையத்துக்கு அது விழும்போதுதான் சுழலி சுற்றுகிறது. மூளைக் கலம் செய்வதும் இதே வேலைதான். கலத்துக்கு வெளியே சோடியம் மிகுதி, உள்ளே பொற்றாசியம் மிகுதி. அந்த ஏற்ற இறக்கம் கலைந்துவிடாமல் இரவு பகலாக ஒரு பம்பு இறைத்துக்கொண்டே இருக்கிறது. உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் சும்மா படுத்திருக்கும்போதும் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்குப் போகிறது. அதிலும் பெரும்பங்கை இந்த இறைப்பு வேலையே தின்றுவிடுகிறது. இப்படித் தேக்கி வைப்பதால் கலத்தின் உள்ளுக்கும் வெளிக்கும் இடையில் சுமார் 70 மில்லிவோல்ட் நிற்கிறது. ஒரு டோர்ச் பெட்டரியில் இருபதில் ஒரு பங்கு. கலத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வுதான் அணைக்கட்டு. அதில் பதிந்திருக்கும் புரத வாசல்கள்தான் அயன் சனல்கள். நீங்கள் இந்த வரியை வாசிப்பது, அம்மா தங்கச்சியைக் கூப்பிடுவது, அவள் திரும்பிப் பார்ப்பது, எல்லாமே இந்த வாசல்கள் திறந்து மூடுவதால் நடப்பவை.

ஒற்றை வாசல் திறப்பதைக் கண்ணால் பார்க்கலாம். என் மேசையில் அன்றாடம் நடப்பது அதுதான். மெல்லிய கண்ணாடிக் குழாயின் நடுவைச் சூடாக்கி இரண்டு பக்கமும் இழுத்தால், அது இளகி மெலிந்து அறுந்து இரண்டு ஊசியாகும். அந்த முனையின் துவாரம் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. அதற்குள் உப்புநீர் நிரப்பி, நுணுக்குக்காட்டியின் கீழே ஒரு கலத்தின் மேல் இறக்குவோம். தொட்டதும், ஊசியோடு இணைத்த குழாயின் மறுமுனையை வாயில் வைத்து மெல்லமாக ஒரு உறிஞ்சல். கலத்தின் சவ்வு கண்ணாடியோடு இறுக ஒட்டிக்கொள்ளும். அதுவரை திரையில் நடுங்கிக்கொண்டிருந்த கோடு சட்டென்று அடங்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், கோடு திடீரென்று ஒரு படி இறங்கி, கண் இமைப்பதற்கும் முன் மறுபடி ஏறும். ஒரு வாசல் திறந்து மூடிய தடம் அது. திறந்திருந்த அந்தச் சிறு பொழுதில் வினாடிக்கு ஒரு கோடிக்கும் மேல் என்ற வேகத்தில் அயன்கள் புகுந்திருக்கும். இந்த முறையை 1976இல் ஜெர்மனியில் எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் உலகுக்குக் காட்டினார்கள், 1991இல் நோபல் பரிசு பெற்றார்கள். எத்தனை வருடமாகப் பார்த்தாலும் அந்த முதல் படி இறங்கும்போது எனக்கு இன்றும் மயிர் கூச்செறியும்.

தங்கச்சியிடம் பழுதானது இந்த வாசல்களில் ஒரு வகை. அதன் பெயர்தான் என்.எம்.டி.ஏ. ஏற்பி. மற்ற வாசல்களைவிட இது கெட்டிக்கார வாசல். சும்மா இருக்கும்போது மகனீசியம் ஒன்று இதன் தொண்டையில் அடைத்துக்கொண்டு நிற்கும். பக்கத்துக் கலம் குளுட்டமேற்று என்ற இரசாயனத்தை அனுப்பினால் மட்டும் போதாது. அதே நேரத்தில் இந்தக் கலமும் விழித்தெழுந்து மின்னழுத்தம் மாறியிருந்தால்தான் மகனீசியம் விலகும், கல்சியம் உள்ளே வரும். இரண்டு காரியம் ஒன்றாக நடந்தது என்பதைக் கலம் இப்படித்தான் குறித்துக்கொள்கிறது. முன்பள்ளியில் ஒரு பிள்ளையின் முகத்தையும் பெயரையும் தங்கச்சி சேர்த்து மனதில் வைத்தாளே, அந்தச் சேர்ப்புக்கு இந்த வாசல் வேண்டும்.

சத்திரசிகிச்சைக்குக் கொடுக்கும் மயக்க மருந்துகளில் கெற்றமைன் என்று ஒன்று இருக்கிறது. அது அடைப்பதும் இதே வாசலைத்தான். எந்த நோயும் இல்லாத ஆளுக்கு அதைக் கொடுத்தாலும் இல்லாத குரல் கேட்கும், கண்ட கண்ட காட்சி தெரியும், தன் உடம்பே தன்னுடையது இல்லை போலத் தோன்றும். மருந்து இறங்கியதும் ஆள் பழையபடி எழுந்து உட்கார்ந்துவிடுவார். தங்கச்சிக்குக் கூரைமேல் கேட்ட குரலுக்குக் காரணம் இங்கே இருக்கிறது. அவள் நடிக்கவில்லை, பயந்த சுபாவத்தாலும் வரவில்லை, எந்த ஆவியும் அவளைத் தேடி வரவில்லை. வாசல்கள் குறைந்துபோன மூளைக்கு உலகம் அப்படித்தான் கேட்கும்.

சரி, வாசல்கள் ஏன் குறைந்தன? இங்கேதான் அந்த முடி வருகிறது.

நம் உடம்பில் கைக்குத் தோலும் வாய்க்குப் பல்லும் தலைக்கு முடியும் எல்லாமே கருவில் ஒரே கலத்தில் இருந்து பிரிந்தவை. சூலகத்தில் முட்டையாக வேண்டிய கலங்களுக்கு அந்த ஆற்றல் முழுவதும் இருக்கிறது. அப்படி ஒரு கலம் வழி தப்பி வளர்ந்தால் ‘டெரட்டோமா’ என்ற கட்டி உண்டாகும். அதற்குள் முடி இருக்கும், கொழுப்பு இருக்கும், சிலவற்றில் பல்லும் இருக்கும். இளம் பெண்களின் சூலகத்தில் வரும் கட்டிகளில் இது அபூர்வம் அல்ல. பெண்நோய் வைத்தியர்கள் இந்த முடியைப் பலமுறை பார்த்திருப்பார்கள். யாரோ முடி எடுத்து மந்திரித்துப் புதைத்தது அல்ல அது. தங்கச்சியின் உடம்பே முளைக்க வைத்த முடி.

அந்தக் கட்டிக்குள் நரம்புத் திசுவும் வளர்ந்திருக்கும், அதில் இந்த என்.எம்.டி.ஏ. வாசலும் இருக்கும். மூளைக்குள் இருக்க வேண்டிய சாமானை வயிற்றில் கண்ட எதிர்ப்புச் சக்தி, அந்நியன் புகுந்துவிட்டான் என்று எண்ணிப் பிறபொருளெதிரிகளைத் தயாரிக்கிறது. கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யும் கொக்கிகள் போன்றவை அவை. அதே கொக்கிகள் மூளையில் போய் உண்மையான வாசல்களைப் பிடித்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜோசப் டல்மாவ் என்ற நரம்பியல் வைத்தியரும் அவரது கூட்டாளிகளும் 2007இல் 12 பெண்களின் கதையைச் சேர்த்து இதை முதன்முதலில் வெளிக்கொண்டு வந்தார்கள். தங்கச்சியைப் போலவே அவர்களிடமும் பேச்சு பிறழ்ந்தது, வலிப்பு வந்தது, கட்டி இருந்தது. 2007க்கு முன்னால் உலகத்தின் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் இந்த நோய்க்குப் பெயர் இல்லை. எல்லோருக்கும் கட்டி இருக்கும் என்றும் இல்லை. ஹேர்பீஸ் வைரசால் மூளைக்காய்ச்சல் வந்து தேறியவர்களில் சிலருக்கும் பின்னால் இது வருகிறது. பலருக்குக் காரணமே தெரிவதில்லை.

மனிதருக்கு மட்டும் வரும் நோயும் அல்ல. பெர்லின் மிருகக்காட்சிசாலையில் குனூட் என்ற பனிக்கரடி 2011 மார்ச்சில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்து செத்தது. அதன் மூளைநீரில் இதே பிறபொருளெதிரி இருந்ததை 2015இல் கண்டுபிடித்தார்கள். லயத்தில் செய்வினை என்று சொல்லும் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள், தம்பி. கரடிக்குச் செய்வினை வைத்தவர் யாரும் இல்லை.

இனி, நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைக்கும் விஷயம். கொக்கி பிடித்த வாசலை உடைப்பதில்லை. கலம் அந்த வாசலை உள்ளுக்கு இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். 2010இல் டல்மாவின் குழு, நோயாளிகளின் பிறபொருளெதிரியைப் பாத்திரத்தில் வளர்த்த நரம்புக் கலங்கள்மேல் விட்டுப் பார்த்தது. வாசல்களின் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் கலங்கள் சாகவில்லை, கலங்களுக்கு இடையிலான தொடுப்புகள் அறுந்துவிடவில்லை. பிறபொருளெதிரியை அகற்றியதும் சில நாட்களிலேயே வாசல்கள் மேலே வந்துவிட்டன. தங்கச்சிக்குக் கட்டியை எடுத்ததும், ஸ்டீரொயிட் ஏற்றியதும் இதற்குத்தான். கொக்கி தயாரிக்கும் பட்டறையை மூட வேண்டும், ஏற்கெனவே மூளைக்குள் இருக்கும் கொக்கிகள் ஓய வேண்டும். பாத்திரத்தில் நாட்கணக்கில் நடப்பது மனித மூளையில் மாதக்கணக்கில் நடக்கிறது.

‘அழற்சி’ என்ற சொல் இந்த நோயில் ஆட்களைத் தேவைக்கு மேல் பயமுறுத்துகிறது என்பது என் எண்ணம். அடுப்பு பற்றி வீடு எரிந்தது போல மூளை வெந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். ஹேர்பீஸ் வைரஸ் அப்படிச் செய்யும், திசுவையே அழித்துவிடும். தங்கச்சியின் நோயில் அந்த மாதிரி அழிவு இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் படம் சாதாரணமாகவே இருக்கும்.

என் ஆராய்ச்சி அழற்சியின் வேறு ஒரு பக்கத்தில் இருக்கிறது. மூளைக்குள் மைக்ரோகிளியா என்ற காவல் கலங்கள் உண்டு. ஸ்பெயின் நாட்டு ரியோ ஓர்ட்டேகா 1919இல் அவற்றை இனம் கண்டார். உயிருள்ள எலியின் மூளைக்குள் பார்த்தால் அவை ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. கை நீட்டி, மடக்கி, அக்கம்பக்கத்துக் கலங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். எங்காவது ஒரு கலம் உடைந்தால் அதன் உள்ளிருக்கும் ஏ.டி.பி. என்ற சக்திப் பொருள் வெளியே கசியும். அது பட்டதும் காவல் கலத்தின் மேலுள்ள ‘பி2எக்ஸ்7’ என்ற வாசல் திறக்கும், உள்ளிருந்து பொற்றாசியம் வெளியேறும். அந்த வெளியேற்றமே அபாயச் சங்கு. உடனே இன்டர்லூக்கின் 1 பீட்டா என்ற அழற்சிப் பொருள் வெளியே வரும். அது நரம்புக் கலத்தின் என்.எம்.டி.ஏ. வாசலை அளவுக்கு மீறித் திறக்கவும் செய்யும். காவலுக்கு வந்தவனின் சங்குச் சத்தமே ஊரை எழுப்பிக் கலவரமாக்குவது போல. அந்தச் சங்கை எப்போது ஊத விடலாம், எப்போது அடக்கலாம் என்பதுதான் என் போன்றவர்கள் தேடுவது.

இதில் தங்கச்சிக்கு இன்று கொடுக்கக்கூடிய மருந்து இல்லை. அதை நேராகவே சொல்லிவிடுகிறேன். ‘மூளை அழற்சியைக் குறைக்கும்’ என்று போத்தலில் அடைத்து விற்பவர்கள் உங்கள் போன் திரைக்கு வருவார்கள். கொழும்பில் நின்று உழைக்கும் காசை அவர்களிடம் கொடுக்காதீர்கள். அவளுக்கு வேலை செய்த மருந்தை நம் அரசாங்க ஆஸ்பத்திரியே கொடுத்துவிட்டது.

அந்த ஒன்பது நாளைப் பற்றிக் கேட்டீர்கள். அதைச் சொல்வதற்கு முன் ஒரு கதை. எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் லயத்தில் மூன்றாவது காம்பராவில் ஒரு அக்கா இருந்தார். கொழுந்து எடுப்பதில் மலையிலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருநாள் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்குப் போனவர் பாதி வழியில் நின்று சிரிக்கத் தொடங்கினார். சாப்பாடு நின்றது, பேச்சு நின்றது, கை மட்டும் கொழுந்து கிள்ளுவது போல வெறும் காற்றில் கிள்ளிக்கொண்டே இருந்தது. தூணில் கட்டி வைத்து வேப்பிலை அடித்தார்கள். தூக்கிக்கொண்டு போய்க் காட்டிய ஆஸ்பத்திரியில், பைத்தியம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது வாரம் இறந்துபோனார். அந்தக் கையை நான் மறக்கவில்லை. இந்த வேலைக்கு நான் வந்ததற்கு அந்தக் கைதான் காரணம். அவரை அடித்தவர்களும் அவர்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்தான், தம்பி.

ஆகவே உங்களைக் குற்றம் சொல்லப்போவதில்லை. ஆனால் பொய்யும் சொல்லமாட்டேன். இந்த நோயில் சிகிச்சை சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம். வைத்தியர்கள் இந்த நோயாளிகளின் எதிர்காலத்தைக் கணிக்கும்போது, நாலு வாரத்துக்கு மேல் தாமதமானதா என்று பார்ப்பார்கள். தங்கச்சிக்கு 24ஆம் நாள் மருந்து ஏறியிருக்கிறது. அந்த நாலு வாரத்துக்குள் வந்துவிட்டீர்கள். மனநோய் வார்ட்டில் சில நாள் கழிந்ததும் எங்கும் நடப்பதுதான். பேச்சும் நடத்தையும் முதலில் மாறுவதால் வெளிநாட்டிலும் இந்த நோயாளிகள் முதலில் மனநல வைத்தியரிடமே போகிறார்கள்.

சாமி கும்பிடுவதை விடச் சொல்லி நான் கேட்கவில்லை. என் அம்மாவும் ரோதைமுனிக்குப் படையல் வைக்காமல் எதையும் தொடங்கியதில்லை. திருநீறு பூசிக்கொண்டே அம்பியூலன்ஸில் ஏறலாம். ஆனால் இதை வாசிக்கும் மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: நன்றாக இருந்த இளவயதுப் பிள்ளை சில நாளிலோ வாரத்திலோ தலைகீழாக மாறி, தூக்கம் கெட்டு, இல்லாததைக் கண்டு பேசினால், அதோடு காய்ச்சலோ வலிப்போ வாய் கோணலோ உடம்பு விறைப்போ பேச்சு நின்றுபோவதோ சேர்ந்தால், அன்றே ஆஸ்பத்திரி. ‘இது மூளை அழற்சியாக இருக்குமா, நரம்பியல் வைத்தியரிடம் காட்ட வேண்டுமா’ என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

தங்கச்சி பழைய ஆளாக வருவாளா? 2013இல் 577 நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. இரண்டு வருடம் வரை தொடர்ந்து பார்க்க முடிந்தவர்களில் 81 சதவீதம் பேர் தம் காரியத்தைத் தாமே பார்க்கும் நல்ல நிலைக்கு வந்திருந்தார்கள். இன்னொன்றையும் அந்த ஆய்வு காட்டியது: முன்னேற்றம் 18 மாதம் வரை நடந்துகொண்டே இருந்தது. நீங்கள் ஐந்தாம் மாதத்தில் நின்றுகொண்டு கணக்கை முடிக்கப் பார்க்கிறீர்கள். இந்த நோய் வந்த வழியிலேயே, பின்னிருந்து முன்னாகத் திரும்பும். கடைசியில் வந்தது முதலில் போகும். ஆட்களோடு பழகும் பக்குவம், கோபத்தை அடக்குவது, நாலு வேலையைத் திட்டம் போட்டுச் செய்வது, இவை எல்லாவற்றுக்கும் பின்னால்தான் வரும். அவள் எரிந்து விழுவது குணம் கெட்டதால் அல்ல. எந்நேரமும் தூங்குவதும் சோம்பல் அல்ல. நோய் ஏறும்போது தூக்கம் பறிபோவதும் இறங்கும்போது தூக்கம் மிகுந்து வருவதும் இந்த நோயின் போக்கு. அம்மாவிடம் சொல்லித் தூங்க விடுங்கள். இரவுத் தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் வாய்ப்பும் கூடும்.

திரும்ப வரும் வாய்ப்பு அந்த ஆய்வில் இரண்டு வருடத்துக்குள் 12 சதவீதம். கட்டி இருந்து அதை எடுத்தவர்களுக்கு அதைவிடக் குறைவு. வந்தாலும், இந்த முறை பெயர் தெரியும். முதல் நாளே ஓடலாம். வைத்தியர் சொன்ன இடைவெளியில் வயிற்று ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். பிரெட்னிசோலோனை யார் சொன்னாலும் சட்டென்று நிறுத்தக்கூடாது. வெளியில் இருந்து வந்த மருந்துக்குப் பழகிய உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்து வைத்திருக்கும். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். அதைக் குடிக்கும் காலத்தில் காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் காட்டுங்கள். வலிப்பு அடங்கும் வரை விறகடுப்பின் முன் அவளைத் தனியே விட வேண்டாம், குளத்தில் தனியே குளிக்கவும் வேண்டாம். பீலியில் குளித்தால் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

கல்யாணத்துக்கு இந்த நோய் தடை இல்லை. ஒரு சூலகம் நன்றாக இருந்தாலே பிள்ளை பெறலாம். எடுத்தது கட்டியை மட்டுமா, சூலகத்தையுமா என்று பெண்நோய் வைத்தியரிடம் கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். ஆனால் வல்புரோவேற் விஷயம் முக்கியம். கர்ப்பத்தில் இருக்கும் பிள்ளையை அது பாதிக்கக்கூடிய மருந்து. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு திரும்பும். கல்யாணப் பேச்சு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த கிளினிக்கிலேயே, இவளுக்கு 21 வயது, இந்தக் குளிசை இன்னும் வேண்டுமா, வேறு மாற்றலாமா என்று கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் நோயை மறைக்காதீர்கள் என்பது என் சொந்தக் கருத்து. மருந்தை ஒளித்துக் குடிக்கும் நிலைமை அவளுக்கு வரக்கூடாது.

இனிக் கடிதத்தின் அடியில் எழுதிய தங்கச்சிக்கு.

நீங்கள் கேட்டதற்கு மேலே நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன், ஆறுதலாக, கொஞ்சம் கொஞ்சமாக வாசியுங்கள். ஞாபகம் இல்லாததற்குக் காரணமும் அந்த வாசல்தான். நடப்பதைக் குறித்து வைக்கும் வாசல் குறைந்திருந்த வாரங்கள் அவை. எழுதாத கொப்பியில் வாசிக்க ஒன்றும் இருக்காது. அந்த நாட்களை யோசித்து யோசித்துத் தலையை வருத்திக்கொள்ள வேண்டாம். தெரிந்துகொள்ள ஆசை என்றால் அண்ணனிடம் கேளுங்கள், சொல்லும்போது அவர் அழுதால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் கேளுங்கள். பிள்ளைகளின் பெயர் மறந்தால் வெட்கப்பட வேண்டாம். ஒரு கொப்பியில் முகத்தை வரைந்து பக்கத்தில் பெயரை எழுதி, ஒரு நாளைக்கு மூன்று பேர் என்று பாருங்கள். முன்பள்ளிக்கு முதலில் ஒரு மணித்தியாலம் மட்டும் போய் வரலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். அடுத்த முறை கிளினிக்கில் கதிரையில் உட்கார்ந்ததும் அண்ணன் பேசுவதற்கு முன் நீங்களே பேசுங்கள். வல்புரோவேற் கேள்வியையும் நீங்களே கேளுங்கள்.